அப்பாசியர் கால எகிப்து: ஆளுநர்கள், கலகக்காரர்கள், வரிப்பணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இஸ்லாமியப் பேரரசுகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் பாக்தாதிலேயே நின்றுவிடுவது வழக்கம். கலீஃபாக்கள், அரண்மனை, கவிஞர்கள் என்று அங்கேயே பொழுது போய்விடும். மாகாணங்களில் என்ன நடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்பவர்களுக்காக எகிப்தை எடுத்துக்கொண்டேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த மாகாணத்தில் யார் ஆண்டார், யார் எதிர்த்தார் என்பது புரிய வேண்டுமென்றால் வரிக்கணக்கை முதலில் பார்க்க வேண்டும். வாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

பெரும்பாலும் 750 முதல் 905 வரை. அதற்கு முன்கதை கொஞ்சம் உண்டு. 639-ல் அம்ர் இப்னு அல்-ஆஸ் அரபுப் படையோடு எகிப்துக்குள் நுழைந்து, பைசாந்தியரிடமிருந்து (கிழக்கு ரோமப் பேரரசினர்) நாட்டைக் கைப்பற்றினார். பழைய பாபிலோன் கோட்டைக்குப் பக்கத்தில் ஃபுஸ்தாத் என்ற படைநகரை அமைத்தார். இன்றைய கெய்ரோவின் தென்பகுதி அது. பிறகு நாடு உமய்யாக்கள் என்ற கலீஃபா வம்சத்தின் கைக்குப் போனது. 750-ல் அவர்களை வீழ்த்தி, பின்னாளில் பாக்தாதிலிருந்து ஆண்ட அப்பாசியர் வம்சம் வந்தது. கடைசி உமய்யா கலீஃபா இரண்டாம் மர்வான் ஓடி ஒளிந்ததும் எகிப்தில்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் பூசீர் என்ற ஊரில் அவரைப் பிடித்துக் கொன்றார்கள். புதிய ஆட்சியாளர்கள் ஃபுஸ்தாதுக்கு அருகிலேயே அல்-அஸ்கர் என்ற பேட்டையைக் கட்டிக் குடியேறினார்கள்.

ஆளுநர் என்றால் குட்டி ராஜாவா?

இல்லை. அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பதவியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆளுநர் தொழுகைக்குத் தலைமை தாங்குவார், படையை நடத்துவார். நில வரியான கராஜை வசூலிக்கப் பல சமயம் வேறொரு அதிகாரி இருப்பார். அவர் ஆளுநருக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, நேரே தலைநகருக்குத்தான் பதில் சொல்வார். தபால் அதிகாரி என்று இன்னொருவர். கடிதப் போக்குவரத்தோடு, இந்த இரண்டு பேரும் என்ன செய்கிறார்கள் என்று கலீஃபாவுக்கு எழுதிக்கொண்டே இருப்பதும் அவர் வேலை. காதி எனப்படும் நீதிபதி தனி.

ஆளுநர்களும் நிலைத்து இருந்ததில்லை. 750-க்கும் 868-க்கும் நடுவே வந்து போனவர்களின் சராசரிப் பதவிக்காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை. பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து வைப்பதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார்.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்த முதல் ஆள், நாட்டை வென்ற அம்ரே. கலீஃபா உஸ்மான் அவரிடம், படை உன் பொறுப்பில் இருக்கட்டும், வரி இன்னொருவர் கையில் இருக்கட்டும் என்றாராம். ‘நான் மாட்டின் கொம்பைப் பிடித்துக்கொள்ள, பாலை வேறொருவர் கறப்பதா?’ என்று அம்ர் மறுத்துவிட்டதாக அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவருக்குப் பின் வந்தவர் அதிக வரி அனுப்பியபோது, ‘பார்த்தாயா, ஒட்டகம் இப்போது கூடுதலாகப் பால் தருகிறது’ என்று உஸ்மான் குத்திக்காட்டினார். ‘ஆமாம், குட்டிகளைப் பட்டினி போட்டதால்’ என்பது அம்ரின் பதில். உண்மையில் நடந்த உரையாடலோ, பின்னால் யாரோ இட்டுக்கட்டியதோ, அடுத்த இருநூறு ஆண்டு எகிப்து வரலாறு இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

அப்படி என்ன பணம் இருந்தது எகிப்தில்?

நைல் இருந்தது. ஆண்டுதோறும் கோடையில் வெள்ளம் வந்து, வண்டலை விட்டுப் போகும். கோதுமை, லினன் நார் தரும் ஆளிச்செடி, பாப்பிரஸ் எல்லாம் அதை நம்பித்தான். வடக்கே தின்னீஸ் தீவில் நெய்த மெல்லிய துணிக்குக் கலீஃபாவின் அரண்மனையிலேயே கிராக்கி.

வெள்ளம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதற்கு ரோதா தீவில் ஒரு கிணறு உண்டு. நடுவில் கல் தூண், அதில் முழக்கணக்கு. இன்று நாம் பார்க்கும் கட்டடம் 861-ல் கட்டியது. தண்ணீர் 16 முழம் தொட்டால் முழு வரியும் வசூலிக்கலாம் என்பது நடைமுறை. அதற்குக் கீழே நின்றால் பஞ்சம். ரொம்ப மேலே போனாலும் கரை உடைந்து பயிர் போகும். ஆக, மாகாணத்தின் வரவுசெலவுத் திட்டம் ஒரு கல் தூணில் எழுதியிருந்தது.

காப்டிக் கிறிஸ்தவர்கள் கலகம் செய்தது மதத்துக்காகவா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. காப்டிக் மக்கள் என்பவர்கள் எகிப்தின் பூர்வீகக் கிறிஸ்தவர்கள். மதம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முஸ்லிம் அல்லாத ஆண்கள் தலைவரியும் கட்ட வேண்டியிருந்தது. துறவிகளையும் விட்டுவைக்காத காலம் உண்டு. ஆனால் கலகம் வெடித்த தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பெரிய கலகம் 725-ல், உமய்யா ஆட்சியில். அதற்குச் சற்று முன்புதான் நிதி அதிகாரி உபைதுல்லா இப்னு அல்-ஹப்ஹாப், ‘இந்த நிலம் இன்னும் தாங்கும்’ என்று கலீஃபா ஹிஷாமுக்கு எழுதி, தினாருக்கு ஒரு கீராத் வரியை ஏற்றினார். தினார் என்பது பொற்காசு, ஒரு தினாருக்கு 24 கீராத். கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாலு சொச்சம்தான். ஏற்கெனவே விளிம்பில் நின்றவனுக்கு அந்த நாலு போதும். நைல் டெல்டாவின் கிழக்குப் பகுதி கிளர்ந்தெழுந்தது. அடக்கினார்கள், நிறையப் பேர் செத்தார்கள். 832 வரை இது திரும்பத் திரும்ப நடந்தது.

மதம்தான் காரணம் என்றால் அடுத்த பதிலில் வரும் ஆட்களை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அரபுகளும் கலகம் செய்தார்களா? அவர்கள்தானே ஆளும் இனம்?

செய்தார்கள். இன்னும் அடிக்கடி செய்தார்கள் என்றே சொல்லலாம்.

அதே உபைதுல்லா, கலகம் நடந்த கிழக்கு டெல்டாவில் கைஸ் குலத்து அரபுகளைக் கொண்டுவந்து குடியேற்றினார். அல்-ஹவ்ஃப் என்பது அந்தப் பகுதியின் பெயர். வந்தவர்கள் ஒட்டகங்களை வாங்கி, செங்கடல் கரையில் இருந்த குல்சும் துறைமுகத்துக்குத் தானியம் ஏற்றிப்போய் நன்றாகவே சம்பாதித்தார்கள். பிறகு நிலம், உழவு. உழவு வந்ததும் வரி வந்தது. வரி வந்ததும், யாரை அடக்கி வைப்பதற்காக இவர்களைக் கொண்டுவந்தார்களோ அவர்கள் செய்ததையே இவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள்.

785-ல் ஆளுநராக இருந்தவர் மூசா இப்னு முஸ்அப். நில வரியை இரட்டிப்பாக்கினார். கடைத்தெருவுக்கு வரி, சுமை சுமக்கும் பிராணிகளுக்கு வரி. அல்-ஹவ்ஃப் அரபுகள் ஆயுதம் எடுத்தார்கள். மூசா படையோடு புறப்பட்டார். களத்தில் இறங்கியதும் ஃபுஸ்தாத் வீரர்கள் அவரை அப்படியே விட்டுவிட்டு விலகிக்கொண்டார்கள். கலகக்காரர்களோடு முன்பே பேசி முடித்திருந்தார்கள். ஆளுநர் கொல்லப்பட்டார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது 802-ல் நடந்தது. அப்போதைய ஆளுநர் அல்-லைத் இப்னு அல்-ஃபள்ல் நிலத்தை அளக்க ஆட்களை அனுப்பினார். வந்தவர்கள் அளவுகோலில் சில விரற்கடையைக் குறைத்துவிட்டார்கள் என்பது விவசாயிகளின் புகார். கோல் சிறுத்தால் நிலம் காகிதத்தில் பெருக்கும். நிலம் பெருத்தால் வரியும் பெருக்கும். ஒரு சாண் மண்கூடக் கூடாமல் வரியை மட்டும் கூட்டுவதற்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆளுநர் புகாரைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் ஃபுஸ்தாதை நோக்கி நடந்தார்கள். சண்டையில் ஆளுநர்தான் ஜெயித்தார், வெட்டிய தலைகளைத் தலைநகருக்கு அனுப்பினார். ஜெயித்து என்ன? வரி வரவில்லை. கடைசியில் அவரே கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதிடம் போய், படை கொடுத்தால்தான் வசூலிக்க முடியும் என்று நின்றார். அங்கே மஹ்ஃபூழ் இப்னு சுலைமான் என்ற இன்னொருவர், ‘சாட்டையும் தடியும் இல்லாமலே நான் வசூலித்துத் தருகிறேன்’ என்றார். வரிப்பொறுப்பு அவருக்குப் போனது. அல்-லைத்துக்கு வேலை போனது.

பாஷ்முர் கலகம் என்பது என்ன?

இந்த வரிசையில் கடைசியானது, மிகக் கொடூரமாக முடிந்தது.

பாஷ்முர் என்பது டெல்டாவின் வடகோடி. கடலோரம், ஏரிகள், சேறு, ஆளுயர நாணல், நடுவே மணல் திட்டுகள். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒற்றையடி வழிகள். குதிரைப்படை உள்ளே போனால் புதைந்துவிடும். இங்கே இருந்த காப்டிக் மக்களை வரி அதிகாரிகள் எப்படி நடத்தினார்கள் என்று காப்டிக் திருச்சபை ஏடு சொல்கிறது: வரி கட்ட முடியாதவர்களை மாவரைக்கும் எந்திரக்கல்லில் சங்கிலியால் பிணைத்து, மாட்டுக்குப் பதிலாக இழுக்க வைத்து அடித்தார்கள்.

831-ல் கலகம் டெல்டா முழுதும் பரவியது. காப்டிக்குகளும் அரபுகளும் சேர்ந்து எழுந்தார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தளபதி அல்-அஃப்ஷீன் மற்ற இடங்களை ஒவ்வொன்றாக அடக்கினார். பாஷ்முர் மட்டும் அடங்கவில்லை. 832 தொடக்கத்தில் கலீஃபா அல்-மஃமூனே நேரில் வந்தார். அப்பாசியக் கலீஃபா ஒருவர் பதவியிலிருக்கும்போது எகிப்துக்கு வருவது அபூர்வத்திலும் அபூர்வம்.

வந்ததும் ஆளுநர் ஈசா இப்னு மன்சூரைக் கூப்பிட்டார். ‘இதெல்லாம் உன்னாலும் உன் அதிகாரிகளாலும் வந்தது. தாங்க முடியாததை மக்கள் தலையில் ஏற்றிவிட்டு, விஷயம் முற்றும்வரை என்னிடம் மறைத்தீர்கள்’ என்று கடிந்து பதவியிலிருந்து இறக்கினார். சரி, நியாயம் கிடைத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கிடைக்கவில்லை. கலீஃபா தன்னோடு அந்தியோக்கியா சபையின் தலைவர் தியோனிசியஸை அழைத்து வந்திருந்தார். அவரையும் காப்டிக் சபைத் தலைவர் யூசாபையும் அனுப்பிச் சமாதானம் பேசச் சொன்னார். பாஷ்முர் மக்கள் கேட்கவில்லை. வழி தெரிந்த ஆட்களைப் பிடித்துக்கொண்டு படை உள்ளே போனது. ஆண்களைக் கொன்றார்கள். எஞ்சியவர்களையும் பெண்களையும் குழந்தைகளையும் இராக்குக்கு ஓட்டிப்போனார்கள், பலரை அடிமைகளாக விற்றார்கள். காரணம் அதிகாரிகள்தான் என்று வாயாலேயே சொல்லிவிட்டு, தண்டனையை மட்டும் இவர்களுக்குக் கொடுத்தவரை அறிவாளிக் கலீஃபா என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடுகின்றன.

எகிப்தில் அவர் தங்கியது 49 நாள். கீஸாவின் பெரிய பிரமிடைக் குடைந்து உள்ளே போனதும் அந்தச் சமயத்தில்தான் என்று ஒரு கதை உண்டு. சுற்றுலாப் பயணிகள் இன்றும் நுழையும் சுரங்கவழிக்கு அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

அதோடு கலகங்கள் நின்றுவிட்டனவா?

காப்டிக் மக்களின் பெருங்கலகம் அதற்குப் பிறகு இல்லை. அரபுகளுக்கு 833-ல் வேறு மாதிரி முடிவு வந்தது. புதிய கலீஃபா அல்-முஃதசிம், ஃபுஸ்தாத் அரபுகளின் பெயர்களைப் படைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக வாங்கிய மானியம் நின்றுபோனது. சின்னதாக ஒரு எதிர்ப்பு எழுந்து அடங்கியது. அதன் பிறகு துருக்கியத் தளபதிகளின் காலம். அப்போதைய தலைநகரான சாமர்ராவில் உட்கார்ந்துகொண்டு எகிப்தைத் தங்கள் பங்காக வாங்கிக்கொண்டு, ஆள வேறு யாரையாவது அனுப்புவார்கள்.

இப்னு துலூன் எப்படி இவ்வளவு பெரிய ஆளானார்?

அப்படி அனுப்பப்பட்ட ஆள்தான் அஹ்மத் இப்னு துலூன். தந்தை துலூன், கலீஃபாவின் படையில் இருந்த துருக்கிய அடிமை வீரர். 868 செப்டம்பரில், தன் மாற்றாந்தந்தையான பாக்பாக் என்ற தளபதியின் பிரதிநிதியாக ஃபுஸ்தாதுக்கு வந்தபோது அஹ்மதுக்கு வயது முப்பத்து மூன்று போல. வரி அவர் கையில் இல்லை. அது இப்னு அல்-முதப்பிர் என்ற நிதி அதிகாரியிடம் இருந்தது. மேய்ச்சல், மீன்பிடிப்பு, நேட்ரான் உப்பு என்று எதையும் விடாமல் வரி போட்டவர், ஊரே வெறுத்த மனிதர்.

புது ஆளை வரவேற்க இப்னு அல்-முதப்பிர் 10,000 தினார் பரிசு அனுப்பினார். இப்னு துலூன் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் வேண்டாம், உங்கள் மெய்க்காவலர்கள் நூறு பேரைக் கொடுங்கள் என்று கேட்டார். வாட்டசாட்டமான கூர் நாட்டு (இன்றைய ஆப்கானிஸ்தான் பகுதி) இளைஞர்கள் அவர்கள். நிதி அதிகாரி வெளியே கிளம்பினால் முன்னும் பின்னும் நிற்பார்கள். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து ஊருக்குள் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பது மாறிப்போனது. லஞ்சத்தை மறுத்ததை நேர்மைக்கு உதாரணமாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ 10,000 தினாரைவிட விலை அதிகமான ஒன்றை அவர் வாங்கிக்கொண்டதாகத்தான் படுகிறது.

படை சேர்த்ததற்கும் ஒரு சாக்கு அமைந்தது. பாலஸ்தீனத்தில் ஈசா இப்னு அஷ்-ஷைக் என்பவர், எகிப்திலிருந்து இராக்குக்குப் போய்க்கொண்டிருந்த 750,000 தினாரை வழிமறித்து எடுத்துக்கொண்டார். அவரை அடக்கப் படை திரட்டு என்று கலீஃபாவே உத்தரவிட்டார். இப்னு துலூன் கிரேக்க, சூடானிய அடிமை வீரர்களை ஆயிரக்கணக்கில் வாங்கினார். பிறகு, நீ போக வேண்டாம், வேறொருவர் போகிறார் என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்தார். படையைக் கலைக்கவில்லை. அவர்களுக்காக 870 முதல் அல்-கதாயி என்ற புது நகரமே எழுந்தது. அதற்குள் பாக்பாக் சாமர்ராவில் கொல்லப்பட்டிருந்தார். எகிப்து அடுத்து யார்ஜூக் என்ற தளபதிக்குப் போனது. அவர் இப்னு துலூனின் மாமனார். ‘உன்னிடமிருந்து உன்னிடமே பொறுப்பை ஏற்றுக்கொள்’ என்று மருமகனுக்கு எழுதினாராம்.

பாக்கி இருந்தது கஜானா. இப்னு அல்-முதப்பிரை சிரியாவுக்கு மாற்ற வைத்தார். கலீஃபா அல்-முஃதமித் நேரடியாகப் பணம் கேட்டு எழுதியபோது, வரி என் கையில் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று பதில் போட்டார். வரிப்பொறுப்பும் வந்தது. அம்ருக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்துவிட்டது.

அப்படியானால் அவரும் கலகக்காரர்தானே?

யாரைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைப் பிரசங்கமான குத்பாவில் கலீஃபாவின் பெயரைச் சொல்வதை அவர் நிறுத்தவில்லை. நாணயத்திலும் கலீஃபா பெயர் இருந்தது. 879 வாக்கில் கீழே தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பணமும் அனுப்பினார், கொஞ்சமாக. உண்மையான மோதல் கலீஃபாவின் தம்பி அல்-முவஃபக்கோடு. தெற்கு இராக்கில் ஸன்ஜ் எனப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் பெரும் எழுச்சியை (869–883) எதிர்த்துப் போர் நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். அவருக்குப் பணம் தலைபோகிற தேவை. இப்னு துலூன் 12 லட்சம் தினார் அனுப்பினார். போதாது என்று கோபப்பட்ட அல்-முவஃபக், மூசா இப்னு புஹா என்ற தளபதியை எகிப்தின்மேல் ஏவினார். அந்தப் படை ரக்கா வரை வந்து, சுமார் பத்து மாதம் முடங்கிக் கிடந்து, சம்பளம் இல்லாமல் வீரர்கள் முரண்டு பிடிக்க, அப்படியே திரும்பிப் போனது. எகிப்துப் பணம் இல்லாமல் எகிப்தைப் பிடிக்கக் கிளம்பினால் வேறென்ன நடக்கும்?

878-ல் சிரியாவும் அவர் கைக்கு வந்தது. 882-ல் கலீஃபா தன் தம்பியிடமிருந்து தப்பி எகிப்துக்கு ஓடிவரப் பார்த்தார், வழியிலேயே மடக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்துப் பள்ளிவாசல்களிலும் மற்றவரைச் சபிக்கும் வேலை நடந்தது.

இப்னு துலூனை எதிர்த்து யாரும் எழவில்லையா?

எழுந்தார்கள். தெற்கே, மேல் எகிப்தில், நபியின் மருமகன் அலீயின் வழிவந்த இப்னு அஸ்-சூஃபி என்பவர் எஸ்னா நகரைச் சூறையாடினார். மேற்கே, இன்றைய லிபியாவில் இருந்த பர்க்காவில் ஒரு கலகம். ஆனால் அவரை உலுக்கியது சொந்த மகன்தான்.

878-ல் சிரியாவுக்குப் போகும்போது மூத்த மகன் அப்பாஸை எகிப்தில் விட்டுப் போனார். கூட இருந்தவர்கள் தூபம் போட, மகன் கஜானாவை வழித்து எடுத்துக்கொண்டு பர்க்காவுக்கு ஓடினான். 20 லட்சம் தினார் என்று ஒரு கணக்கு. அங்கிருந்து, இன்றைய துனிசியாப் பக்கம் ஆண்ட அக்லபிகளின் நாட்டைப் பிடிக்கலாம் என்று மேற்கே போய், திரிப்போலிப் பக்கம் நன்றாக அடிவாங்கித் திரும்பினான். 881 வாக்கில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கோவேறு கழுதையில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பிறகு தந்தை, கூடச் சேர்ந்தவர்களை நீயே வெட்டு என்று மகன் கையில் வாளைக் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்வான், அந்த அளவுக்காவது மானம் இருக்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தாராம். அப்பாஸ் வெட்டினான். அழுதுகொண்டே நூறு கசையடி கொடுக்கச் சொல்லிச் சிறையில் தள்ளினார்.

மக்களுக்கு அவர் ஆட்சி நன்றாக இருந்ததா?

பணம் இராக்குக்குப் போவது குறைந்ததால் உள்ளூரில் செலவானது. கால்வாய்களைச் செப்பனிட்டார், இப்னு அல்-முதப்பிரின் சில்லறை வரிகளை எடுத்தார், 60,000 தினாரில் மருத்துவமனை கட்டினார். வரி வருமானம் 8 லட்சத்திலிருந்து 43 லட்சம் தினாராக உயர்ந்ததாக ஏடுகள் சொல்கின்றன. எண்ணில் மிகை இருக்கலாம், போக்கு உண்மை. இன்னொரு பக்கமும் உண்டு: காப்டிக் சபைத் தலைவர் மிகாயேலிடம் 20,000 தினார் கேட்டு நெருக்கி, சபைச் சொத்துகளை விற்க வைத்தவரும் இவர்தான்.

துலூன் வம்சம் எப்படி முடிந்தது?

884-ல் இப்னு துலூன் இறந்தபோது கஜானாவில் ஒரு கோடி தினார் இருந்ததாம். மகன் குமாரவைஹ் போரிலும் ஒப்பந்தத்திலும் சோடை போகவில்லை. 886-ல் ஆண்டுக் கப்பம் கட்டுவதாகச் சொல்லி முப்பது ஆண்டுக்கு எகிப்தையும் சிரியாவையும் எழுதி வாங்கினார். செலவில்தான் கோட்டை விட்டார். தூக்கம் வராததால் பாதரசக் குளம் வெட்டி அதில் காற்றடைத்த மெத்தையில் படுத்தார் என்கிறார்கள். மகள் கத்ருந்நதாவைக் கலீஃபா அல்-முஃததிதுக்குக் கட்டிக்கொடுத்தபோது, போகும் வழியில் தங்குமிடந்தோறும் ஒரு மாளிகை எழுப்பினாராம். சீர்வரிசையில் கஜானா துடைத்து வைத்தது போலானது. 896-ல் டமாஸ்கஸில் வேலைக்காரர்களே அவரைக் கொன்றார்கள். அடுத்து வந்தவர்களால் படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. 905 ஜனவரியில் முஹம்மத் இப்னு சுலைமான் தலைமையில் அப்பாசியப் படை நுழைந்து அல்-கதாயியை இடித்துத் தரைமட்டமாக்கியது. சில மாதத்தில் இப்னு அல்-கலீஜ் என்ற பழைய துலூன் அதிகாரி திரும்பி வந்து ஃபுஸ்தாதைப் பிடித்தார். அடுத்த ஆண்டு அவரையும் பிடித்துப் பாக்தாதுக்கு அனுப்பினார்கள்.

இன்று கெய்ரோ போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

இரண்டு இடம். ஒன்று, 879-ல் கட்டி முடித்த இப்னு துலூன் பள்ளிவாசல். அல்-கதாயியில் இடிக்காமல் விட்ட ஒரே கட்டடம். தூண்களைக் கவனியுங்கள். பளிங்குத் தூண் வேண்டுமென்றால் தேவாலயங்களிலிருந்து பிடுங்க வேண்டும் என்பதால், சிறையில் இருந்த ஒரு கிறிஸ்தவக் கட்டடக் கலைஞர் சொல்லி முழுவதும் செங்கல்லில் எழுப்பினார்கள் என்பது கதை. சாமர்ராவில் வளர்ந்தவருக்குச் செங்கல் தூண் புதிதாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். சுற்றுப்படி வெளியே ஏறும் கோபுரம் மட்டும் பிற்காலத்தில் திருத்திக் கட்டியது. இரண்டாவது, ரோதா தீவின் தென்முனையில் இருக்கும் அந்த நைல் அளவுக்கிணறு. பள்ளிவாசலுக்குப் போகும் கூட்டத்தில் பாதிகூட இங்கே வருவதில்லை. நேரம் இருந்தால் கிணற்றை முதலில் பாருங்கள்.